கோட்டும் ஒரு புடவைதான்!

கல்யாண வரவேற்பு மேடைகளைக் கொஞ்சம் ஊன்றிக் கவனித்திருக்கிறீர்களா? மணப்பெண்ணின் புடவை நாலு கடை ஏறி இறங்கி எடுத்ததாக இருக்கும். கரை என்ன நிறம், முந்தானை என்ன நிறம், ரவிக்கை எதனோடு சேரவேண்டும் என்று அம்மா, அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் கூடி ஒரு சபையே நடத்தி முடிவு செய்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் கோட்டு விவகாரமோ அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. கறுப்பிலோ கருநீலத்திலோ ஒரு சூட், கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுத்த பளபளக்கும் டை, அவ்வளவுதான். மறுநாள் அந்த சூட் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து பீரோவின் ஓரத்துக்குப் போய்விடும். மூன்று வருஷம் கழித்துத் தம்பி கல்யாணத்துக்கு வெளியே எடுத்தால் பொத்தான் போட வராது!

ஒரு நாள் கூத்துக்காக இவ்வளவு செலவா என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கோட்டே வேண்டாம் என்றும் இன்று சொல்ல முடிவதில்லை. ரயில்வேயிலும், பி.எச்.இ.எல்.லிலும், இ.சி.ஐ.எல்.லிலும் வேலைக்கு வந்து ஹைதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறிய நம் முதல் தலைமுறைக்கு அரைக்கைச் சட்டையே போதுமானதாக இருந்தது. மாதாபூரிலும் கச்சிபௌலியிலும் வேலை பார்க்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளின் நிலைமை வேறு. நேர்முகத் தேர்வு, வெளிநாட்டுப் பயணம், கம்பெனி விருந்து, சக ஊழியர் வீட்டு வரவேற்பு என்று வருஷத்தில் பத்து முறையாவது கோட் தேவைப்படுகிறது. எல்லா இடத்துக்கும் முழு சூட் போட்டால் சற்று விறைப்பாகத் தெரியும். அங்கேதான் கைகொடுக்கிறது கட்டமோ கோடோ போட்ட தனிக் கோட். அதை ஆங்கிலேயர் ஸ்போர்ட்ஸ் கோட் என்றார்கள்.

ஒரே கோட்டை நாலு பேன்ட்டோடு மாற்றி மாற்றிப் போடலாம் என்பதே இதன் பெரிய லாபம். ஆனால் நம் பிள்ளைகள் கடையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். இதற்கு எந்தச் சட்டை, எந்த டை, எந்த ஷூ என்ற பயம்தான் காரணம். இந்தப் பயத்துக்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. ரவிக்கைத் துணி பொருத்தத் தெரிந்த எந்த அம்மாவுக்கும் கோட்டுக்கு டை பொருத்தத் தெரியும்!

ஸ்போர்ட்ஸ் கோட் வந்த கதை

சூட் என்பதில் கோட்டும் பேன்ட்டும் ஒரே துணியில் தைத்தவை. பிளேஸர் பெரும்பாலும் ஒரே நிறத்தில், உலோகப் பொத்தான்களோடு வருவது. இங்கிலாந்தில் படகுப் போட்டி, கிரிக்கெட் கழகங்களின் சீருடையாகப் பிறந்தது அது. ஸ்போர்ட்ஸ் கோட்டின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரபுக்கள் வேட்டைக்கும் நாட்டுப்புற நடைக்கும் போட்டுக்கொண்ட முரட்டுக் கம்பளிக் கோட்டுகளிலிருந்து வந்தது. காட்டின் பழுப்பு, பச்சை, சருகு நிறங்கள் அதில் கட்டங்களாகவும் மீன்முள் போன்ற கோடுகளாகவும் இறங்கின. கோட்டிலேயே வேலைப்பாடு இருந்ததால் பேன்ட் தனித் துணியில், சாதாவாக இருந்தது.

இந்தக் கட்டங்களை நகரத்துக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னராகி, 1936இல் முடி துறந்தவர். வேல்ஸ் இளவரசராக அவர் 1921-22இல் இந்தியாவைச் சுற்றியபோது சென்னைக்கும் வந்தார், ஹைதராபாத்துக்கும் வந்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கட்டத்துக்கு இன்றும் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்றே துணிக்கடையில் பெயர்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய கட்டம்

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கிடக்கட்டும். கோட்டுத் துணி உலகில் நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு கட்டம் உண்டு என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் பெயர் 'மெட்ராஸ்'. அமெரிக்காவில் கோடைக்காலக் கோட் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது மெட்ராஸ் கட்டம்தான்.

சென்னையைச் சுற்றியும் வடக்கே ஆந்திராவின் சீராலா வரையும் கைத்தறியில் நெய்த பருத்திக் கட்டத் துணிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே கப்பலேறின. 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் அவை மேற்கு ஆப்பிரிக்கா வரை போயின. நைஜீரியாவின் கலாபரி இன மக்கள் இந்தத் துணியை வாங்கி, அதில் சில நூல்களை மட்டும் நறுக்கி உருவிப் புது வடிவம் உண்டாக்கிக் குடும்ப விசேஷங்களில் உடுத்தினார்கள். நம் நெசவாளி போட்ட கட்டம் அங்கே பரம்பரைச் சொத்தானது.

அமெரிக்கக் கதை இன்னும் சுவையானது. 1958இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியா வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கட்டத் துணி வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய அதே நாயர்தான். துணி நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்க் கோட்டாகவும் சட்டையாகவும் விற்றது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்ற ஒரு சேதி மட்டும் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டதும் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒரே ரகளை! அப்போது விளம்பர மேதை டேவிட் ஓகில்வி தரப்பில் செய்த தந்திரம், குறையையே பெருமையாக்கியது. 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் வந்தது. ஒவ்வொரு சலவைக்கும் துணி புதிதாகத் தெரியும் என்றார்கள். கேட்டுக் கேட்டு வாங்கினார்கள் அமெரிக்க மாணவர்கள்.

நம் ஊர்க் கட்டத்தைக் கோட்டாகப் போட்டு அங்கே ஒருவர் மிடுக்காக நடக்கிறார். நாமோ அதை லுங்கித் துணி என்று ஒதுக்குகிறோம். யோசிக்க வேண்டிய விஷயம்தானே?

ஹைதராபாத் சொல்லும் பாடம்

நாம் குடியிருக்கும் ஊருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஹைதராபாத்தின் கோட் ஷெர்வானி. பழைய நாட்களில் அதற்கு உகந்த துணிகளில் ஒன்று ஹிம்ரூ. பருத்திப் பாவில் பட்டு ஊடையோட்டிப் பூவும் கொடியுமாக நெய்வது. அந்நாளில் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த அவுரங்காபாத் அதற்குப் பேர்போனது. உடம்பு முழுக்கப் பூ வேலை செய்த அந்தக் கோட்டுக்குக் கீழே எதைப் போட்டார்கள் தெரியுமா? சாதா வெள்ளைப் பைஜாமா! கழுத்து வரை மூடிய கோட் என்பதால் டை என்ற சங்கடமே கிடையாது. கோட் பேசுகிறது, மற்றவை கேட்கின்றன. இதைவிடத் தெளிவாக இந்தக் கலையை யாரும் சொல்லிவிட முடியாது.

சார்மினார் பக்கம் புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் மியூசியத்துக்குப் போனால், 1911 வரை ஆண்ட ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் உடை அலமாரியைப் பார்க்கலாம். தேக்கு மரத்தில் இரண்டு அடுக்காக, சுமார் 176 அடி நீளத்துக்கு ஓடுகிறது. ஒரு முறை உடுத்தியதை அவர் மறுமுறை உடுத்துவதில்லை என்பார்கள். அவர் மகன் உஸ்மான் அலி கான் நேர் எதிர். உலகின் பெரும் பணக்காரர் என்று 1937இல் டைம் பத்திரிகை அட்டையில் படம் போட்டது அவரைத்தான். அவரோ நைந்த ஷெர்வானியிலும் பழைய குல்லாயிலும் காலம் தள்ளினார். ஒரே தடவை போட்ட சூட்டைப் பீரோவில் பூட்டி வைக்கும் நாம், பணத்தில் மகன் நிஜாமாக இல்லாமலே பழக்கத்தில் அப்பா நிஜாமாக இருக்கிறோம்!

புடவைக் கடைக் கணக்கு

சரி, விஷயத்துக்கு வருவோம். பாலும் பழமும் கட்டம், கொட்டடிக் கட்டம், பாய்க் கட்டம், கண்டாங்கியின் அகலக் கட்டம் என்று கட்டங்களுக்கு இத்தனை பெயர் வைத்த வீட்டில் பிறந்தவர்கள் நாம். கட்டப் புடவைக்குப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? இன்னொரு கட்டத்தில் ரவிக்கை போடுவதில்லை. புடவையில் ஓடும் ஏதோ ஒரு நிறத்தைப் பிடித்து, அதில் சாதா ரவிக்கை எடுக்கிறார்கள். அந்த நிறம் பெரும்பாலும் கரையிலோ, மெல்லிய கோட்டிலோ இருக்கும். கோட்டுக்கும் இதே கணக்குதான். கோட் புடவையின் உடல் மாதிரி. டை ரவிக்கை மாதிரி. சட்டையும் பேன்ட்டும் நடுவில் கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றிடம். ஷூவும் பெல்ட்டும் நகை.

*சட்டை:* வெள்ளை அல்லது வெளிர் நீலம். இரண்டே போதும். எந்தக் கட்டக் கோட்டுக்குள்ளும் இவை அடங்கிப் போகும். கோடு போட்ட சட்டை மேல் ஆசை இருந்தால் கோடு மிக மெல்லியதாக, தூரத்திலிருந்து பார்த்தால் சாதாபோலத் தெரியவேண்டும்.

*டை:* கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடித்தள நிறம் ஒன்று இருக்கும். அதன்மேல் ஓடும் மெல்லிய கோடுகளில் ஒன்றிரண்டு நிறம் இருக்கும். அந்த மெல்லிய கோட்டின் நிறத்தில், சட்டையைவிட அழுத்தமாக, சாதா டை எடுங்கள். சாம்பல் கட்டத்தில் அரக்குக் கோடு ஓடினால் அரக்கு டை. பழுப்புக் கட்டத்தில் நீலம் ஓடினால் கருநீல டை. பளபளப்பு வேண்டாம். கம்பளி, பருத்தி போன்ற மங்கல் துணி டைதான் இந்தக் கோட்டுக்கு நண்பன். டையின் அகலமும் கோட்டின் மார்பு மடிப்பின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் சரியான நீளம்.

*வேலைப்பாடு இரண்டு சேர்ந்தால்:* கட்டக் கோட்டோடு புள்ளி டையோ, கோடு போட்ட டையோ கட்டலாமா? கட்டலாம். ஆனால் அளவு வித்தியாசப்பட வேண்டும். பெரிய கட்டம் என்றால் சின்னப் புள்ளி. சின்னக் கட்டம் என்றால் அகலக் கோடு. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வேலைப்பாட்டோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

*பேன்ட்:* எப்போதும் சாதா. கோட்டின் நிறத்துக்கு மிக நெருங்கிய, ஆனால் சற்றே மாறிய நிறம் மட்டும் கூடாது. சூட் போட நினைத்து பேன்ட்டை மாற்றிப் போட்டு வந்தவர் மாதிரி ஆகிவிடும்! ஒன்று தெளிவாக வெளுத்திருக்க வேண்டும், அல்லது தெளிவாக அழுத்தமாக இருக்கவேண்டும். சாம்பல் பேன்ட் ஒன்று, காக்கிச் சாயல் ஒன்று, கருநீலம் ஒன்று என்று மூன்று இருந்தால் வாழ்நாள் பிரச்சினை தீர்ந்தது.

*ஷூ, பெல்ட்:* தங்க நகையோடு வெள்ளி நகையைக் கலக்காத மாதிரி, ஷூவும் பெல்ட்டும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும். பழுப்பு, பச்சை, மெட்ராஸ் கட்டம் எதற்கும் பழுப்பு ஷூ. சாம்பல், கருநீலத்துக்குக் கறுப்பும் பொருந்தும், அடர் பழுப்பும் பொருந்தும். கண்ணாடிபோல் மின்னும் ஷூவை முழு சூட்டுக்கு விட்டுவிடுங்கள். சாக்ஸ் பேன்ட்டின் நிறத்தில் இருந்தால் காலின் நீளம் துண்டுபடாது. வெள்ளை சாக்ஸ் பள்ளிக்கூடத்தோடு போகட்டும்!

*கைக்குட்டை:* மார்புப் பாக்கெட்டில் வைப்பதானால் சாதா வெள்ளை. டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் ஒரே டப்பாவில் வருமே, அந்த ஜோடியை அன்போடு ஒதுக்கிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை

'உங்க கலருக்கு லைட்டா எடுங்க சார்' என்று கடையில் சொல்லும்போது நம் பிள்ளைகள் முகம் சுருங்குவதைப் பார்க்கலாம். இதைக் கேட்டு வெளிறிய பழுப்பிலும் சந்தன நிறத்திலும் போய் விழுகிறார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்கு, பாட்டில் பச்சை, மயில் நீலம் எல்லாம் எவ்வளவு எடுப்பு என்பது பட்டுப்புடவை கட்டிய நம் பாட்டிகளின் போட்டோவைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைச் சட்டையின் வெண்மை நம் முகத்தருகேதான் பளிச்சென்று நிற்கும். நிறத்தைக் குறை என்று நினைத்து உடுத்தும் எந்தக் கோட்டும் தோளில் உட்காராது.

டெய்லரிடம் சொல்ல வேண்டியவை

ரெடிமேட் வாங்கினாலும் தைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தோள். மற்றதைத் திருத்தலாம், தோளைத் திருத்துவது கஷ்டம். கட்டத் துணி தைப்பதானால், பாக்கெட் மூடியின் கட்டமும் கோட்டின் கட்டமும் ஒரே கோட்டில் சேர வேண்டும். முதுகுத் தையலின் இரண்டு பக்கமும் கட்டம் நேராகப் போகவேண்டும். இப்படிப் பொருத்தி வெட்டத் துணி கூடுதலாகப் பிடிக்கும். வழக்கத்தைவிடக் கால் மீட்டராவது அதிகம் எடுத்துக் கொடுங்கள். கைத்தறித் துணிக்கு அகலம் குறைவு என்பதால் டெய்லரிடம் கேட்டுக்கொண்டே துணி எடுப்பது நல்லது.

நம் ஊர் வெயிலுக்கு உள் லைனிங் முழுக்க வேண்டாம். தோளுக்கும் கைக்கும் மட்டும் போட்டு முதுகைப் பாதியோடு விடச் சொல்லலாம். பருத்தி, லினன் அல்லது மெல்லிய கம்பளி நல்லது. முழு பாலியெஸ்டர் வியர்வையை உள்ளேயே பூட்டி வைக்கும்.

அணியும்போது கடைசிப் பொத்தானைப் போடாமல் விடுவது மரபு. சட்டைக் கை, கோட்டுக் கைக்கு வெளியே அரை அங்குலம் தெரியட்டும். புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு தையல் இருக்கும். கைநுனியில் கம்பெனிப் பெயர்த் துண்டு ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரித்து எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும். விலைச் சீட்டோடு புடவை கட்டுவோமா?

மூன்று சந்தர்ப்பம், ஒரே கோட்

சாம்பல் நிறத்தில் மெல்லிய நீலக் கோடு ஓடும் சின்னக் கட்டக் கோட் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நேர்முகத் தேர்வுக்கு: வெள்ளைச் சட்டை, கருநீல சாதா டை, அடர் சாம்பல் பேன்ட், கறுப்பு ஷூ. (வங்கி, வக்கீல் அலுவலகம்போல முறைமை பார்க்கும் இடமானால் முழு சூட்டே மேல்.)

நண்பர் வீட்டு வரவேற்புக்கு: வெளிர் நீலச் சட்டை, அரக்கில் சின்ன வெள்ளைப் புள்ளி டை, கருநீல பேன்ட், அடர் பழுப்பு ஷூ.

டிசம்பர் மாலைக் கச்சேரிக்கு: வெள்ளைச் சட்டை, டை கிடையாது, காக்கிச் சாயல் பேன்ட், பழுப்பு லோஃபர்.

கோட் ஒன்று, ஆள் மூன்று!

துணி எங்கே இருக்கிறது?

செகந்தராபாத் ஜெனரல் பஜாரிலும் சார்மினாரை அடுத்த பத்தர்கட்டியிலும் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போச்சம்பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1951 ஏப்ரலில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்த அதே ஊர். நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்த பிறகே தறியில் ஏற்றுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் லேசாகக் கலைந்து, தண்ணீரில் தெரியும் நிழல்போல இருக்கும். கோட்டுக்கும், டை இல்லாமல் போடும் நேரு கோட்டுக்கும் அருமையான துணி. ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ கைத்தறிக் கட்டம் கண்ணில் பட்டால் கோட்டுக்கு ஆகுமா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஹிம்ரூவுக்கு நேர்ந்ததை மறக்கக்கூடாது. 1948இல் சமஸ்தானம் முடிவுக்கு வந்தது. 1956இல் அவுரங்காபாத் தனியே பிரிந்தது. ஷெர்வானி அணிபவர் குறையக் குறைய அந்தத் தறிகளும் சுருங்கின. உடுத்துகிறவர் இருந்தால்தான் நெய்கிறவர் இருப்பார். ஒரு கட்டம் உயிரோடு இருப்பது மியூசியக் கண்ணாடிப் பெட்டியால் அல்ல, யாரோ ஒருவர் அதைக் கசங்கக் கசங்கப் போடுவதால்தான்.

ஆகவே அடுத்த முறை மகனுக்குக் கோட் எடுக்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். அம்மாவையோ அத்தையையோ கையோடு கூட்டிப் போங்கள். கடை விளக்கை நம்பாமல் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். 'இந்தக் கோட்டில் ஓடுகிற நீலத்தில் டை எடு' என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். பேரமும் அவர்களே பேசிவிடுவார்கள். டை முடிச்சுப் போட மட்டும் பையன் கற்றுக்கொண்டால் போதும்.